ஓவர்கிளாக் செய்த பிறகு கிராபிக்ஸ் கார்டு தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஓவர்கிளாக் செய்த, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓடவிட்ட, கிராபிக்ஸ் கார்டு தகராறு செய்ய ஆரம்பித்ததும் பலர் முதலில் கைவைப்பது விண்டோஸில்தான். அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், டிரைவரை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், கடைசியில் கார்டைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் இதில் எதுவுமே தேவைப்படாது. பிழை எப்போது வந்தது, எப்படி வந்தது என்ற இரண்டையும் கவனித்தாலே போதும். கோர் கிளாக்கா (சிப்பின் வேகம்), மெமரி கிளாக்கா (கார்டிலுள்ள நினைவகத்தின் வேகம்), கரண்டா, சூடா என்று பிரித்துவிடலாம்.

அதற்கு ஒரு அடிப்படை விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் நீங்கள் ஏற்றும் வேகம் கார்டுக்குள் பதிவாவதில்லை. விண்டோஸ் எழுந்து, டிரைவர் ஏறி, அப்புறம் ஆஃப்டர்பர்னர் ஓடி டிரைவரிடம் சொன்ன பிறகுதான் அது நடைமுறைக்கு வருகிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். திரும்ப ஏற்றச் சொல்லி நீங்கள் டிக் அடித்து வைத்திருந்தால் மட்டுமே திரும்ப வரும். ஆகவே மதர்போர்டு லோகோ தெரியும் நேரத்திலேயே திரையில் கோடுகள் விழுந்தால், ஆஃப்டர்பர்னர் ஸ்லைடரைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. லாகின் செய்த சில நொடியில் விழுந்தால் அந்த ஸ்லைடர்தான் முதல் சந்தேகம்.

கீழே சொல்வது எல்லாம் விண்டோஸ் 10, 11 ஓடும் டெஸ்க்டாப்புக்கு. உதாரணம் தேவைப்படும் இடங்களில் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை எடுத்துக்கொள்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஆஃப்டர்பர்னரில் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே ஓவர்கிளாக்கை ஏற்றச் சொல்லும் தேர்வை அணைத்துவிடுங்கள். அடுத்து, வேறு எந்த மென்பொருளாவது அதே வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். கார்டு தயாரிப்பாளர் தந்த மென்பொருள், என்விடியா ஆப்பின் தானியங்கி டியூனிங், ஏஎம்டி என்றால் அட்ரினலினின் டியூனிங் பகுதி ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து ஓடினால், ஒன்றில் நீங்கள் ரீசெட் செய்ததை மற்றொன்று திரும்ப ஏற்றிவிடும். "ரீசெட் செய்தும் கிராஷ் ஆகிறது" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அப்புறம் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் கொடுத்து ஆன் செய்வது இதற்குச் சரிவராது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்தால் விண்டோஸ் தன் கெர்னல் நிலையை டிஸ்க்கில் சேமித்து வைத்து அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

இப்போது அதே கேமை, அதே இடத்தில், அதே அமைப்புகளோடு ஆடிப் பாருங்கள். பிழை வரவில்லை என்றால் குற்றவாளி ஓவர்கிளாக்தான். அதில் எந்தப் பகுதி என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும். பிழை அப்படியே வந்தால் ஸ்லைடர்களோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துங்கள். கேபிள், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), டிரைவர், ராம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடையில் வாங்கிய கார்டே தொழிற்சாலையில் ஓவர்கிளாக் செய்யப்பட்டு வந்திருக்கலாம். அதன் பழைய நிலை என்பதும் சிப் தயாரித்த நிறுவனம் சொன்ன வேகத்துக்கு மேலே இருக்கும். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வெளியானபோது, யாரும் எதையும் தொடாமலேயே கார்டுகள் 2,000 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் போகும்போது கேம்கள் மூடிக்கொண்டன. அந்த மாதக் கடைசியில் வந்த 456.55 எண் டிரைவர்தான் பலருக்கு அதைத் தீர்த்தது. எனவே பழைய நிலையிலும் கிராஷ் ஆகும் கார்டில் கோர் கிளாக்கை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. அதில் கிராஷ் நின்றுவிட்டால் கார்டு விற்ற வேகத்துக்கே தாங்கவில்லை என்று அர்த்தம். அது வாரண்டியில் கேட்க வேண்டிய விஷயம்.

லாகின் ஆன சில நொடிகளில் திரை கறுக்கிறது, அல்லது உறைந்துபோகிறது

ஆஃப்டர்பர்னர் தொடக்கத்திலேயே தாங்க முடியாத வேகத்தை ஏற்றுகிறது. அதை அணைக்க உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் உறைகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியேற சேஃப் மோடு போதும். சேஃப் மோடில் என்விடியா, ஏஎம்டி டிரைவர்கள் ஏறுவதில்லை. விண்டோஸின் அடிப்படை டிரைவர் மட்டுமே ஓடும். ஓவர்கிளாக்கைப் பெற்றுக்கொள்ள அங்கே ஆளே இல்லை.

லாகின் திரை வரை வர முடிந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் முடியாவிட்டால், விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தொடர்ந்து மூன்று தடவை செய்யுங்கள். ரெகவரி திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும்; 4 அழுத்துங்கள். விண்டோஸ் 11 இந்த இடத்தில் பிட்லாக்கர் சாவி கேட்கலாம். 48 இலக்க எண் அது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனில் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். ஓவர்கிளாக் தொடங்கும் முன்பே இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

உள்ளே போனதும் ஆஃப்டர்பர்னரை நீக்கிவிடுங்கள். நீக்கும்போது சேமித்த அமைப்புகளை வைத்துக்கொள்ளவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வைத்துக்கொண்டால் அடுத்த முறை நிறுவும்போது அதே எண்கள் திரும்ப வந்து நிற்கும். ஏஎம்டி அட்ரினலினைப் பொறுத்தவரை, எதிர்பாராத கோளாறு நடந்தால் அதுவே டியூனிங்கைப் பழைய நிலைக்கு மாற்றிவிட்டு ஓர் அறிவிப்பும் காட்டும். அந்த அறிவிப்பை எரிச்சலோடு மூடிவிடாதீர்கள். கார்டு எதையோ தாங்கவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

கேம் திடீரென மூடி டெஸ்க்டாப் வருகிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். பின்னணியில் நடப்பது இது: விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு ஒரு வேலையை வாங்கிக்கொண்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால், அது மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். கேம் தன் கையிலிருந்த கார்டு காணாமல் போனதாக நினைத்து மூடிக்கொள்ளும். டிவைஸ் ரிமூவ்டு, டிவைஸ் ஹங் என்று கேம் காட்டும் பிழைச் செய்திகள் எல்லாம் இதன் விளைவுதான்.

உறுதிப்படுத்த ஈவன்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். கிராஷ் ஆன அதே நிமிடத்தில் 4101 என்ற எண்ணோடு டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை என்ற பதிவு இருக்கிறதா பாருங்கள். என்விடியா டிரைவரின் பெயரில் 13, 14, 153 போன்ற எண்களும் வரலாம். இருந்தால் சந்தேகம் கோர் கிளாக் மீது. அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் நீட்டிக்கச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கிறது. ஓவர்கிளாக் விஷயத்தில் அதைச் செய்யாதீர்கள். கணக்கில் தவறிய சிப்புக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் திரை கூடுதல் நேரம் உறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இனி, எப்போது மூடுகிறது என்று பாருங்கள். கனமான காட்சியில், கார்டு நன்றாகச் சூடான பிறகு மூடினால் புரிந்துகொள்வது எளிது. சூடு ஏறினால் அதே வேகத்துக்கு அதே வோல்டேஜ் போதாமல் போகிறது. 15 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள், மறுபடி ஓட்டுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு 15.

மெனுவில், லோடிங் திரையில், வீடியோ பார்க்கும்போது மூடுவதுதான் பலரைக் குழப்புவது. "கனமான சோதனையில் ஒரு மணி நேரம் நின்றது, ஒன்றுமில்லாத மெனுவில் விழுகிறதே?" என்பார்கள். காரணம் இருக்கிறது. வேலை குறைவாகவும் கார்டு குளிர்ச்சியாகவும் இருக்கும்போதுதான் பூஸ்ட், அதாவது கார்டு தானே ஏற்றிக்கொள்ளும் வேகம், மிக உயரத்துக்குப் போகிறது. கனமான வேலையில் பவர் லிமிட் (கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்சவரம்பு) இடித்து 1,950-ல் ஓடிய கார்டு, லேசான காட்சியில் 2,050-ஐத் தொடலாம். நீங்கள் சோதித்தது 1,950, விழுந்தது 2,050. ஸ்லைடரை நகர்த்தினால் வோல்டேஜ் வளைவு (எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று காட்டும் கோடு) முழுவதும் மேலே போகிறது, அதன் உச்சிப் புள்ளிகள் உட்பட. தீர்வு, ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி வளைவைத் திறந்து, உச்சிப் பகுதியை மட்டும் சமமாகத் தட்டிவிடுவது. நடுப்பகுதியில் கிடைத்த லாபம் அப்படியே இருக்கும்.

மூன்றாவது வகை, ஒரு குறிப்பிட்ட கேமில் மட்டும், அதுவும் ரே டிரேசிங்கை ஆன் செய்தால் மட்டும் மூடுவது. பழைய ஹெவன் போன்ற சோதனை மென்பொருள்கள் ரே டிரேசிங் கோர்களையும் டென்சர் கோர்களையும் தொடுவதே இல்லை. அதில் நின்ற வேகம் சைபர்பங்க் 2077-ல் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்கள் ஆடும் கேம்களில் மிகக் கடினமானது எதுவோ அதில் நிற்பதுதான் உங்கள் கார்டின் வேகம். மற்றதெல்லாம் படம் பிடித்துக் காட்டுவதற்கான எண்.

இங்கேயே ஒரு போலி அறிகுறியையும் சொல்லிவிட வேண்டும். அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் தொடங்கும்போதோ ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்போதோ, வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடினால், கார்டில் 12 ஜிபி இருந்தும் அப்படிச் சொன்னால், உங்கள் ப்ராசசர் என்ன என்று பாருங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்வகை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் வோல்டேஜ் கோளாறு இருந்ததை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தங்கள் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. பிழைச் செய்தி கிராபிக்ஸ் கார்டைக் காட்டும்; தப்பு ப்ராசசரில் இருக்கும். பயாஸைப் புதுப்பிப்பது முதல் வேலை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ப்ராசசர் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது. புதுப்பிப்பு அதைக் குணப்படுத்தாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதேபோல ராமை வேகமாக ஓட்டச் சொல்லும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்பும் ஓவர்கிளாக்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்டு பழைய நிலையில் இருந்தும் கேம்கள் விதவிதமாக மூடினால் அதை அணைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

திரையில் புள்ளிகள், கட்டங்கள், இழுபட்ட முக்கோணங்கள்

முதலில், பிழை எங்கே பிறக்கிறது என்று தெரிய வேண்டும். திரை கெட்டுத் தெரியும் நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் புள்ளிகள் இருந்தால் கார்டு படத்தை உருவாக்கும்போதே தவறுகிறது. படம் சுத்தமாக இருந்தால் பிழை அதற்குப் பிறகு, அதாவது கேபிளிலோ மானிட்டரிலோ இருக்க வாய்ப்பு அதிகம். தரம் குறைந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் செய்யும் மினுமினுப்பை ஓவர்கிளாக் ஆர்டிஃபேக்ட் (படத்தில் வரும் கெடுதல்) என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இந்தச் சின்னச் சோதனை அந்த அலைச்சலைத் தவிர்க்கும்.

படத்திலும் இருக்கிறது என்றால் உருவத்தைக் கவனியுங்கள். திரை முழுவதும் சீராகச் சிதறிய வண்ணப் புள்ளிகள், சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள், டெக்ஸ்சர்களில் தவறான நிறம் என்றால் பெரும்பாலும் மெமரி கிளாக். ஒரு பொருளின் முனை திரையின் மறுபக்கம் வரை ஊசியாக நீளுவது, முக்கோணங்கள் தோன்றி மறைவது, ஒரு பரப்பு மட்டும் பளிச்சிடுவது என்றால் பெரும்பாலும் கோர். இது நூறு சதவீதம் நம்பும் விதி அல்ல, ஆனால் எதை முதலில் குறைப்பது என்று முடிவு செய்ய உதவும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்காதீர்கள். மெமரியை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கோரை அப்படியே விட்டு ஓட்டுங்கள். போய்விட்டால் விடை கிடைத்தது. போகாவிட்டால் மாற்றிச் செய்யுங்கள்.

மெமரியைத் தனியாகச் சோதிக்க மெம்டெஸ்ட் வல்கன் என்ற இலவச மென்பொருளும், ஓசிசிடியின் விரேம் (கார்டின் மெமரி) சோதனையும் இருக்கின்றன. இவை எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பதால், கண்ணுக்குத் தெரியாத பிழைகளையும் எண்ணிக் காட்டும். பழைய நிலையிலேயே பிழை காட்டினால் விரேம் சிப் அல்லது அதன் ஈயப்பற்று கெட்டிருக்கிறது. மென்பொருளில் இதற்கு மருந்து இல்லை.

ஒன்று கவனியுங்கள்: ஆஃப்டர்பர்னர் காட்டும் மெமரி எண்ணும் விளம்பரத்தில் இருக்கும் எண்ணும் வேறு. ஆர்டிஎக்ஸ் 3060-ன் மெமரி 15 ஜிகாபிட் வேகம்; ஆஃப்டர்பர்னர் 7,500 என்று காட்டும். அங்கே 500 கூட்டினால் உண்மையில் 1 ஜிகாபிட் கூட்டுகிறீர்கள். சின்ன எண்ணாகத் தெரிவதை நம்பி 1,500 வரை தள்ளியவர்களுக்குத்தான் கட்டங்கள் வருகின்றன.

ஓவர்கிளாக்கைக் குறைத்த பிறகும் ஒரே கேமில் மட்டும் சில பரப்புகள் கெட்டே தெரிந்தால், கிராஷ் நேரத்தில் ஷேடர் கேஷ் கெட்டுப்போயிருக்கலாம். டிஸ்க் கிளீன்அப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷை அழித்துவிட்டு, ஸ்டீமில் கேம் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையையும் கொடுங்கள்.

கிராஷ் இல்லை, ஆனால் எஃப்பிஎஸ் முன்பைவிடக் குறைந்துவிட்டது

இந்த அறிகுறியைப் பலர் கவனிப்பதே இல்லை. "1,200 கூட்டினேன், கிராஷே ஆகவில்லை" என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். அளந்து பார்த்தால் பழைய நிலையைவிட மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற கார்டுகளில் வந்த ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரியில், அனுப்பும் வழியில் தரவு கெட்டால் அதைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. எனவே எல்லையைத் தாண்டினால் உடனே புள்ளிகள் வருவதில்லை. திரும்ப அனுப்புவதிலேயே நேரம் போய், வேகம் குறைகிறது. ஆகவே மெமரி ஓவர்கிளாக்கைக் கிராஷை வைத்து அளக்காதீர்கள், மதிப்பெண்ணை வைத்து அளங்கள். 100, 100 ஆகக் கூட்டிக்கொண்டே ஒவ்வொரு படியிலும் ஒரே சோதனையை ஓட்டுங்கள். மதிப்பெண் ஏறுவது நின்ற இடம்தான் எல்லை. அதற்கு முந்தைய படியில் நில்லுங்கள்.

மெமரியைத் தொடவில்லை, கோர் மட்டும்தான் கூட்டினேன், ஆனாலும் லாபம் இல்லை என்றால் ஜிபியு-இசட்டைத் திறந்து சென்சார் பகுதியில் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரியைப் பாருங்கள். கார்டு ஏன் மேலே போகவில்லை என்பதை அதுவே சொல்லிவிடும்: பெரும்பாலும் பவர், தெர்மல், வோல்டேஜ் ஆகிய மூன்றில் ஒன்று. பவர் என்றால் கார்டு தன் வாட் அளவைத் தொட்டுவிட்டது, கோரை எவ்வளவு கூட்டினாலும் அது இறக்கிக்கொள்ளும். வேகத்தோடு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் மின்செலவு கூடுவதால், கடைசி 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் விலை அதிகம். இந்த நிலையில் ஓவர்கிளாக்கைவிட அண்டர்வோல்ட் நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து: வளைவில் குறைந்த வோல்டேஜில் அதே வேகத்தைப் பிடித்தால் கார்டு பவர் லிமிட்டை இடிக்காமல் நிலையாக ஓடும், சத்தமும் குறையும்.

தெர்மல் என்றால் காற்றைப் பாருங்கள். அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால், அதே ஃபேன் வேகத்தில் கார்டின் வெப்பமும் ஏறத்தாழ 10 டிகிரி கூடும். டிசம்பர் இரவில் 72 டிகிரியில் நின்ற கார்டு சித்திரை வெயிலில் பல என்விடியா கார்டுகளின் எல்லையான 83 டிகிரியைத் தொட்டுவிடும்; அதற்கு முன்பிருந்தே 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக வேகம் இறங்கியிருக்கும். ஏசி போட்டு அமைத்த ஓவர்கிளாக் ஏசி இல்லாத மதியத்தில் விழுவதற்கும் இதுவே காரணம். நம் ஊரில் ஓவர்கிளாக்கைக் கோடை மதியத்தில் சோதித்து முடிவு செய்வதே சரி. கேபினெட்டின் முன்பக்கத் தூசு வலையைக் கழற்றிக் கழுவுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ஹாட் ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடான இடம்) வெப்பம் கோர் வெப்பத்தைவிட 30 டிகிரிக்கு மேல் அதிகமாக இருந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் மெமரி வெப்பத்தையும் தனியாகப் பாருங்கள். 110 டிகிரியை ஒட்டினால் மெமரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கணினி பட்டென்று அணைந்துபோகிறது

இதில் கிளாக் ஸ்லைடரைவிட பவர் லிமிட் ஸ்லைடருக்குத்தான் பங்கு அதிகம். எந்தச் செய்தியும் இல்லாமல், விளக்கை அணைத்ததுபோல நின்றால் கரண்ட் போகும் பாதையைப் பாருங்கள். ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கணினி முறையாக அணையவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

நம் வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது யுபிஎஸ். பல மேசைகளுக்குக் கீழே இருப்பது 600 விஏ யுபிஎஸ்; அதன் உண்மையான திறன் பெரும்பாலும் 360 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட், ப்ராசசருக்கு நூறை ஒட்டி, மானிட்டரும் மற்றவையும் சேர்ந்து ஒரு 70, எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் பங்கு வேறு. பழைய நிலையில் எல்லையை ஒட்டி ஓடியது, பவர் லிமிட்டைக் கூட்டியதும் தாண்டிவிடுகிறது. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்திவிட்டு நிறுத்தினால் விஷயம் முடிந்தது. ஹெட்போனில் ஆடுபவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்காமல் போகும். ஒரு தடவை யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஆடுங்கள். அணைவது நின்றுவிட்டால், பெரிய யுபிஎஸ் வாங்கும்வரை பவர் லிமிட்டை நூறு சதவீதத்துக்கே வையுங்கள்.

யுபிஎஸ் இல்லை, அல்லது நேராக மாட்டியும் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ். கார்டின் மின்செலவு சராசரியாக 200 வாட் என்று காட்டினாலும், மில்லிநொடி அளவில் அதைவிட மிக உயரத்துக்குத் துள்ளும். அந்தத் துள்ளலைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புச் சுற்றால் தன்னையே அணைத்துக்கொள்கிறது. அப்படி அணைந்த எஸ்எம்பிஎஸ்களில் பல, பின்பக்க ஸ்விட்சை அணைத்துக் கொஞ்சம் காத்திருந்து போட்டால்தான் திரும்ப எழும். பவர் பட்டனை அழுத்தியும் எழவில்லை, பின்பக்க ஸ்விட்சைப் போட்டு எடுத்ததும் எழுகிறது என்றால் கிட்டத்தட்ட உறுதி.

கேபிளையும் பாருங்கள். ஸ்லாட்டிலிருந்து 75 வாட், 6 பின் கனெக்டரிலிருந்து 75, 8 பின்னிலிருந்து 150 என்பது கணக்கு. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு கனெக்டர்களையும் மாட்டுவது பழக்கமாக இருக்கிறது. ஓவர்கிளாக் செய்பவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். புதிய 16 பின் கனெக்டர் உள்ள கார்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே அந்தக் கனெக்டர்கள் உருகிய படங்கள் வந்தன. முழுவதும் உள்ளே போகாமல் மாட்டியதை என்விடியா முக்கியக் காரணமாகச் சொன்னது, பின்னர் கனெக்டரின் வடிவமும் திருத்தப்பட்டது. கருகிய வாடை வந்தால், பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால், சோதனை எதுவும் செய்ய வேண்டாம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

திரை கறுத்து, கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் இரைகின்றன

கணினி ஓடுகிறது, ஹெட்போனில் சத்தம்கூட வரலாம், ஆனால் கார்டு மதர்போர்டோடு பேசுவதை நிறுத்திவிட்டது. கோர் வேகம் அதிகமானாலும் வரும். மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் வரும். கார்டைக் கழற்றி ஸ்லாட்டில் மறுபடி அழுத்தி மாட்டுங்கள், மின் கனெக்டர்களைக் கழற்றி மாட்டுங்கள், கனமான கார்டு தொங்கினால் முட்டுக் கொடுங்கள். பழைய நிலையிலும் திரும்ப வந்தால் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் ஓட்டிப் பார்க்காமல் கார்டைக் குற்றம் சொல்லாதீர்கள்.

நீலத் திரை

வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்று இருந்தால் மேலே சொன்ன 2 நொடிக் காவலின் முற்றிய நிலை அது. விண்டோஸ் டிரைவரை எழுப்ப முயன்று தோற்றுவிட்டது. கோரைக் குறையுங்கள். பழைய நிலையிலும் தொடர்ந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடில் டிடியு மென்பொருளால் டிரைவரை வேரோடு நீக்கிப் புதிதாகப் போடுங்கள். வியா (WHEA) என்று தொடங்கும் பிழை என்றால் பெரும்பாலும் ப்ராசசர் பக்கம்.

ஆன் செய்தால் திரையே வரவில்லை

மதர்போர்டு லோகோகூட இல்லை என்றால், தொடக்கத்தில் சொன்ன கணக்குப்படி ஆஃப்டர்பர்னர் அமைப்பு அங்கே இன்னும் வரவே இல்லை. மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டும்போது இது மாறிப்போவது சகஜம். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு வழியாகத் திரை வருகிறதா பாருங்கள். இன்டெல்லில் எஃப் என்று முடியும் ப்ராசசர்களிலும், ரைசன் 5000 வரிசையில் ஜி இல்லாதவற்றிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால் அவற்றில் இந்தச் சோதனை பலிக்காது.

கார்டின் விபயாஸையே (கார்டின் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. அது கார்டுக்குள் பதிவாகிறது. கார்டின் விளிம்பில் சின்ன ஸ்விட்ச் இருந்தால், கணினியை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளுங்கள். இரண்டாவது விபயாஸில் எழும். எழுந்த பிறகு கெட்டுப்போன முதலாவதில் அசல் பிரதியைத் திரும்ப எழுதலாம். ஸ்விட்ச் இல்லாத கார்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எல்லாம் சரியான பிறகு மறுபடி ஏற்றுவது

தொடக்கத்தில் ஏற்றும் தேர்வை அணைத்தே வைத்திருங்கள். மெமரி பூஜ்யத்தில், பவர் லிமிட் நூறில் இருக்கட்டும். கோரை மட்டும் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றி, விழும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 30 இறங்குங்கள். அந்த எண்ணைக் குறித்துவிட்டு கோரை பூஜ்யமாக்கி, மெமரியை மதிப்பெண் பார்த்து ஏற்றுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்து, உங்கள் கேம்களில் கடினமானதை ஆடுங்கள். இடையிடையே மெனுவுக்கு வந்து போங்கள், ஆல்ட் டேப் அடித்து வீடியோ ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் இப்படி ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்றி ஆடி, ஈவன்ட் வியூவரில் 4101 ஒன்றுகூட இல்லை என்றால் தொடக்கத்தில் ஏற்றும் தேர்வை ஆன் செய்யலாம். கோடை வந்ததும் இன்னொரு தடவை பாருங்கள்.